உழைக்கிற உடம்புக்கும் நோய் வரும்

"உழைக்கிற உடம்புக்கு நோய் வராது" என்று கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றும் கங்காணி சொல்கிறார். காவலர் தேர்வுக்குப் பையன்களை ஓடவிடும் மாஸ்டர் சொல்கிறார். தேனியில் புதிதாக ஜிம் திறந்தவர் சுவரில் படம் போட்டே சொல்கிறார். சர்க்கரை முந்நூறைத் தாண்டிய பிறகும் மாத்திரை வேண்டாம் என்கிற விவசாயி, "நான் தினம் மண்வெட்டி பிடிக்கிறவன் டாக்டர்" என்று அதையேதான் சொல்கிறார். ஆள் மாறினாலும் உள்ளே ஓடும் கணக்கு ஒன்றுதான்: உடம்பை எவ்வளவு வாட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது தேறும்; அதற்கு அளவே கிடையாது; களைப்பு என்பது மனசு போடும் பாசாங்கு.

இந்தக் கணக்கு தப்பு. ஆளைச் சாய்க்கிற அளவுக்குத் தப்பு.

மறுக்கும் முன் அதன் பலமான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. உட்கார்ந்தே கிடப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நடப்பவருக்கு ரத்தச் சர்க்கரை கட்டுப்படுகிறது, தூக்கம் நன்றாக வருகிறது, தடுப்பூசிகூட நன்றாக வேலை செய்கிறது. அயர்லாந்து ரக்பி வீரர்களின் குடலில், மற்றவர்களைவிடப் பல வகைப்பட்ட பாக்டீரியாக்கள் இருப்பதை 2014-இல் கண்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. நம்மில் பலர் அதை எட்டுவதே இல்லை. இதில் எதோடும் எனக்குச் சண்டை இல்லை. "கொஞ்சம் நல்லது" என்பதிலிருந்து "நிறைய இன்னும் நல்லது" என்பதற்கும், அங்கிருந்து "உழைக்கிறவனுக்கு நோயே வராது" என்பதற்கும் தாவுகிறார்களே, அந்த இரண்டு தாவலோடுதான் சண்டை.

1. உடம்பு எப்போது தேறுகிறது?

ஓடும்போது என்று நினைக்கிறோம். ஓடும்போது உடம்பு சேதப்படுகிறது: தசை நார்கள் கிழிகின்றன, சேமித்த சர்க்கரை தீர்கிறது. தேறுவதெல்லாம் பிறகுதான், சாப்பாட்டிலும் தூக்கத்திலும். இதை இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவரிடம் கேளுங்கள். கவாத்து வெட்டினால் கொடி காய்க்கும், சரி. ஆனால் வெட்டுக்குப் பிறகு தண்ணீரும் எருவும் நாளும் கொடுத்தால்தான் காய்க்கும். தினமும் கவாத்து வெட்டுகிற விவசாயியை யாராவது பார்த்ததுண்டா?

ஸ்வீடனில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஆரோக்கியமான 11 பேரைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு வாரம் கடும் பயிற்சியைக் கூட்டினார்கள். முதல் வாரம் 36 நிமிடம், அடுத்த வாரம் 90 நிமிடம், மூன்றாவது வாரம் 152 நிமிடம். இரண்டாவது வாரம்வரை எல்லாம் சொன்னபடி நடந்தது. மூன்றாவது வாரத்தில் தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களின், அதாவது உணவை ஆற்றலாக மாற்றும் நுண்ணுறுப்புகளின், செயல்திறன் ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது. சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டது. எந்த நோயைத் தடுக்க ஓடச் சொல்கிறோமோ அந்த நோயின் சாயல், ஓட்டம் மிகையானதாலேயே ஆரோக்கியமானவர் உடம்பில் தெரிந்தது. பயிற்சியைக் குறைத்த வாரத்தில் உடம்பு ஓரளவு மீண்டது. 11 பேர் சிறிய எண்ணிக்கை என்று சொல்லலாம், சொல்லுங்கள். ஆனால் "அளவே கிடையாது" என்ற வாதத்தை உடைக்க, அளவு ஒன்று இருப்பதைக் காட்டினால் போதும்.

2. உடம்பிடம் வரவு செலவுக் கணக்கு இருக்கிறது

தான்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்த ஆற்றலை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். உடல் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால் அது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கரின் செலவைப் போலவே இருந்தது. அப்படியானால் அத்தனை நடைக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது? வேறு செலவுகளில் உடம்பு சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். மிதமான அளவில் அந்தச் சிக்கனம் நல்லது. தேவையில்லாத அழற்சி அடங்குகிறது. அளவு மீறும்போது, அதிலும் தட்டில் சோறு குறையும்போது, கத்தி தேவையான இடத்திலும் விழுகிறது. தைராய்டு மந்தமாகிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறது, சில சமயம் நின்றே போகிறது, எலும்பு மெலிகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதை ஒரு நோய்த்தொகுதியாகவே அறிவித்தது.

காவலர் தேர்வுக்கு ஓடும் பெண்களிடம் மாஸ்டர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். மாதவிலக்கு நின்றதை "பரவாயில்லை, ஓட வசதி" என்று எடுத்துக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த ரத்தத்தோடு, வெறும் டீயும் ரெண்டு பன்னும் சாப்பிட்டு, விடியற்காலையில் ஓடுகிற பெண்ணிடம் "இன்னும் ரெண்டு ரவுண்டு" என்றால் எதை வைத்து ஓடுவாள்?

3. நோய் எதிர்ப்பு சக்தி: இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள்

என் பக்கத்து ஆட்களையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. "ஓடினால் எதிர்ப்பு சக்தி படுத்துவிடும், மூன்று நாளைக்குக் கதவு திறந்து கிடக்கும்" என்று பயமுறுத்துகிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1987 லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தான். ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த வாரத்தில் சளி, காய்ச்சல் என்றார்கள். அதே அளவு பயிற்சி எடுத்தும் போட்டியில் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அவர்கள் வாயால் சொன்னதே கணக்கு, ஆய்வகத்தில் யாரும் கிருமியைத் தேடவில்லை. ஓடி முடித்த பிறகு ரத்தத்தில் சில வகை வெள்ளணுக்கள் குறைவது உண்மை. அவை செத்துப்போவதில்லை, நுரையீரலுக்கும் குடலுக்கும் காவலுக்குப் போகின்றன என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், டர்னர் இருவரும் 2018-இல் வாதிட்டார்கள். போட்டிக்குப் போகிறவருக்குச் சளி பிடிக்கக் கூட்டம், பயணம், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். வலுவான வாதம்.

"பார்த்தீர்களா, உழைப்பு மேல் பழி இல்லை" என்று எதிர்த்தரப்பு கைதட்டும். கொஞ்சம் பொறுங்கள். பழி தூக்கமின்மை மேலும் பட்டினி மேலும் கூட்டம் மேலும் விழுகிறது என்றால், நம் ஊரில் மிகையாக உழைக்கிறவர்களுக்கு வாய்த்திருப்பது என்ன? அதே மூன்றும்தான். நான்கு மணிக்கு எழுப்பிவிடும் மைதானம். ஒரே பாட்டில் தண்ணீரைப் பத்து பேர் வாய் வைத்துக் குடிப்பது. எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினைந்து பேர். அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. 2015-இல் வெளியான முடிவு. ஓய்வைத் திருடாமல் அளவு மீறி உழைக்கும் வழி ஒன்று இருந்தால், அதை மாஸ்டர் காட்டட்டும். நான் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

4. குடல் என்ன சொல்கிறது?

கடுமையாக உழைக்கும்போது ரத்தம் தசைக்கும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் ஓடுகிறது. நஷ்டப்படுவது குடல். அதற்குப் போகும் ரத்தம் 80 சதவீதம்வரை குறையக்கூடும். அரை மணி, ஒரு மணி நேரம் என்றால் குடல் பொறுத்துக்கொள்ளும். இரண்டு மணியைத் தாண்டி, வெயிலும் சேர்ந்தால், குடல் சுவரின் இணைப்புகள் தளர்கின்றன. உள்ளே இருக்க வேண்டிய பாக்டீரியாக்களின் நச்சுத் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. தென்னாப்பிரிக்காவின் 90 கிலோமீட்டர் ஓட்டத்தில் களைத்து விழுந்த 89 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த நச்சு கூடியிருந்தது; இது 1988-இலேயே வெளிவந்த செய்தி. 2017-இல் நார்வே ராணுவத்தினர் 73 பேரை நான்கு நாள் பனிச்சறுக்கு அணிவகுப்பில் தொடர்ந்து பார்த்தார்கள். தூரம் வெறும் 51 கிலோமீட்டர். குடல் கசிவு சராசரியாக 62 சதவீதம் கூடியது, பாக்டீரியாக்களின் கலவையே மாறிப்போயிருந்தது. இருபது வயது ராணுவ வீரர்கள், நோயாளிகள் அல்ல.

"மாரத்தான் ஓடினால் வெய்லோனெல்லா என்ற நல்ல பாக்டீரியா பெருகுகிறதாமே" என்று ஜிம் தரப்பு ஒரு சீட்டை இறக்கும். உண்மை. பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் கண்டு, 2019-இல் எழுதினார்கள். தசை வெளியிடும் லாக்டிக் அமிலத்தைத் தின்று வேறொரு பயனுள்ள அமிலமாக மாற்றுகிறது அது. அதை ஏற்றிய எலிகள் 13 சதவீதம் கூடுதலாக ஓடின. ஆனால் அது பழகிய ஓட்டக்காரரின் குடல், நன்றாகச் சாப்பிடுகிறவரின் குடல். கேப்பையும் மொச்சையும் போய், ரேஷன் அரிசியும் இரவில் புரோட்டாவுமாக நார்ச்சத்து வற்றிப்போன குடலுக்கு அதே பலன் கிடைக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலுவலி என்று மெடிக்கலில் சொன்னால், காகிதத்தில் மடித்த செட்டு மாத்திரை கிடைக்கும்: ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்ன சிவப்பு. எது என்னவென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அதில் வலி மாத்திரை ஒன்று அநேகமாக நிச்சயம். பயிற்சியால் குடலுக்கு ஏற்படும் காயத்தை இபுப்ரோஃபென் அதிகமாக்குகிறது என்று நெதர்லாந்தில் சைக்கிள் வீரர்களை வைத்து 2012-இல் காட்டினார்கள். நீர் வற்றிய உடம்பில் அதே வகை மாத்திரை சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். மாஸ்டர் பேச்சில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மன உறுதி. குடலுக்கு அது இரண்டாவது அடி.

5. ஏலக்காய் எடுப்பது உடற்பயிற்சியா?

இந்த வாதத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி ஊர்களிலிருந்து பெண்கள் விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போகிறார்கள். ஏலக்காய் நெல்லைப் போல இடுப்பு உயரத்தில் விளைவதில்லை. சரம் செடியின் தூரில், தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். பச்சைக் காயையும் பழுத்த காயையும் விரலால் பிரித்து எடுக்க, நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும், அல்லது குத்துக்கால் வைக்க வேண்டும். இடுப்பில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை, மேலே மழை. சாயங்காலம் நிறைந்த சாக்கைச் சரிவில் சுமந்து எடை போடும் இடத்துக்கு வர வேண்டும். பிறகு அதே ஜீப். வீட்டுக்கு வந்தால் அடுப்பு.

இதைப் பார்த்து, "இவங்களுக்கு எதுக்கு வாக்கிங், தினமும் உடற்பயிற்சிதானே" என்கிறார்கள். உடற்பயிற்சியில் இதயம் சில நிமிடம் வேகமாக அடித்து, பிறகு ஓய்கிறது. செய்கிறவர் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறார், மூச்சு வாங்கினால் நிறுத்துகிறார். கூலி வேலையில் உழைப்பு எட்டு மணி நேரம் இழுக்கிறது. இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்கு வேகமும் இல்லை, தேறும் அளவுக்கு ஓய்வும் இல்லை. கோபன்ஹேகனில் 1,04,000 பேரைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வு 2021-இல் வந்தது. ஓய்வு நேரத்தில் நிறைய உடற்பயிற்சி செய்தவர்களின் இறப்பு அபாயம் 40 சதவீதம் குறைவு. வேலையில் மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கு 27 சதவீதம் அதிகம்.

"ஏழ்மையும் புகையும் செய்த வேலையை உழைப்பின் தலையில் கட்டாதீர்கள்" என்று இதற்கு எதிர்ப்பு உண்டு. அதே ஆண்டில் நார்வேயிலிருந்து வந்த ஓர் ஆய்வு, வேலையில் உடல் அசையும் ஆண்கள் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்று வேறு முடிவைச் சொன்னது. விவாதம் முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நார்வேத் தொழிலாளிக்கு வார விடுமுறையும் மருத்துவ விடுப்பும் இருக்கின்றன. அவர் உடம்புக்கு நடந்ததை மேட்டுத் தோட்டத்துக் கூலியின் உடம்புக்குப் பொருத்துவது எந்த நியாயம்? நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அவர்களைவிடவா இந்த வாதம் பேசுகிறவர்கள் உழைத்துவிட்டார்கள்?

6. "அந்தக் காலத்து ஆட்கள் எப்படி இருந்தார்கள்!"

இருந்தவர்கள்தான் நம் கண்ணில் படுகிறார்கள். போய்ச் சேர்ந்தவர் வந்து கதை சொல்வதில்லை. இந்த மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்த முல்லைப்பெரியாறு அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1887 முதல் 1895வரை காட்டுக்குள் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களைவிடக் கடினமாக உழைத்த உடம்பு இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இருக்க முடியுமா? பதிவான கணக்குப்படியே 483 பேர் அங்கே நோயில் செத்தார்கள். மலேரியாவும் காலராவும். வேலை மலேரியாவைக் கொண்டுவரவில்லை, கொசு கொண்டுவந்தது. சரிதான். ஆனால் "உழைக்கிற உடம்புக்கு நோய் வராது" என்ற வாதம் உண்மையானால், கொசு அவர்களைத் தொட்டிருக்கக் கூடாது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு ஜனவரி 15-ஆம் தேதி பொங்கல் வைக்கும் ஊர்களில் இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது விநோதம்தான்.

7. இந்தக் கருத்தால் லாபம் யாருக்கு?

உழைத்தால் நோய் வராது என்றால், நோய் வந்தவன் உழைக்காதவன் என்று ஆகிறது. இடைவேளை கேட்பவள் சோம்பேறி, வாந்தி எடுப்பவன் உடம்பில் வலு இல்லாதவன். ஏலத்தோட்டத்தையும் சேர்த்து 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே ஐந்து மணி நேர வேலைக்கு ஒரு முறை அரை மணி இடைவேளை இருந்தது, வார விடுமுறை இருந்தது. மலை ஏறி இறங்கும் ஜீப் நேரம் மட்டும் வேலைக் கணக்கில் சேராது. எழுபது ஆண்டுக்கு முன்பு சட்டம் எழுதியவர்களுக்கே உடம்பு ஓய்வு கேட்கும் என்று தெரிந்திருக்கிறது.

தேர்வு வைப்பவர்களுக்கு அது இன்றும் எட்டவில்லை. ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்டில் கலால் காவலர் தேர்வு தொடங்கியது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். வெயிலில் ஓடிய இளைஞர்கள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகே அரசு தேர்வைச் சில நாள் நிறுத்தி, காலை ஒன்பது மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்றது. அதுவரை யாருக்கும் கடிகாரம் தெரியவில்லையா? அவர்களும் உழைப்புக்கு அஞ்சாத உடம்புக்காரர்கள்தான்.

8. "அப்போ பையன்கள் ஓடவே கூடாதா?"

ஓடட்டும். ஆனால் எதற்கு ஓடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். ஏழு நிமிடத் தேர்வு ஒன்றுக்காகத் தினமும் பதினைந்து கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓடவிடுவதும், எடை குறைய மழைக்கோட்டு மாட்டி ஓடவிடுவதும் பயிற்சியே இல்லை. மாஸ்டருக்கு வேறு எதுவும் தெரியாததன் அடையாளம். வாரத்தில் இரண்டு நாள் வேக ஓட்டம், இரண்டு நாள் மெதுவான ஓட்டம், ஒரு நாள் கயிறும் தண்டாலும், மற்ற நாள் ஓய்வு என்று வைத்தால் போதும். காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடி, தூக்கம் கெட்டு, பசி போய், நேரமும் மோசமானால் அந்த வாரம் சுமையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். நேரம் மோசமானதற்கு மாஸ்டர் கொடுக்கும் தண்டனை இன்னும் ஐந்து ரவுண்டு என்றால், பையனின் அப்பா அவரை மாற்றட்டும்.

இன்னொன்று தள்ளிப்போடக் கூடாதது. கடும் பயிற்சிக்கு மறுநாள் தொடை கல்லாக இறுகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தால், கிழிந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். அதற்குச் செட்டு மாத்திரையும் கிடையாது, இளநீரும் கிடையாது. அன்றைக்கே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், எத்தனை கிலோமீட்டர் ஓடினோம், என்ன மாத்திரை போட்டோம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.